எளியோர்க்கு ஓர் ஊர்தி

நுழையும்முன்

நாள்தோறும் பணிக்கும் படிப்புக்கும் சந்தைக்கும் சென்று திரும்பும் மக்களே ஒரு நாட்டின் சாலைகளை நிறைக்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் கடப்பது சில கல் தொலைவே. சுமப்பது தம் உடலையும் ஒரு பையையுமே. அச்சிறு பயணத்துக்கு ஆயிரம் கிலோ எடையுள்ள ஊர்தி வேண்டுமா, ஐம்பது அறுபது கிலோ எடையுள்ள ஊர்தி போதுமா? இவ்வினா எரிபொருளின் விலையோடும் காற்றின் தூய்மையோடும் எளிய குடும்பத்தின் வரவு செலவோடும் தொடர்புடையது. இதற்குத் தம் வாழ்நாள் உழைப்பால் விடை தேடியவர், கல்லூரிப் பட்டம் எதுவும் பெறாத ஜப்பானியப் பொறியாளர் ஒருவர். அவர்தம் வாழ்க்கையை எடுத்துரைக்கிறது இப்பாடம்.

கொல்லுலையின் அருகே

சோய்ச்சிரோ ஹோண்டா 1906 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 17 ஆம் நாள் ஜப்பானின் ஷிசுவோக்கா மாநிலத்தில் கோம்யோ என்னும் சிற்றூரில் பிறந்தார். இன்று அவ்வூர் ஹமாமட்சு நகரின் ஒரு பகுதியாக விளங்குகிறது. தந்தை கிஹேய் இரும்புக் கொல்லர். தாய் மிகா நெசவுத் தொழில் அறிந்தவர். காய்ச்சிய இரும்பின் செந்நிறமும் சம்மட்டியின் ஓசையுமே அச்சிறுவனின் முதற்பாடங்கள். பிற்காலத்தில் தந்தை மிதிவண்டிகளைப் பழுது பார்த்து விற்கும் தொழிலுக்கு மாறினார். சக்கரமும் சங்கிலியும் பற்சக்கரமும் மகனுக்கு விளையாட்டுப் பொருள்கள் ஆயின.

ஏட்டுக் கல்வியில் அவர் முன்வரிசை மாணவராக இருந்ததில்லை. கண்ணால் கண்டதையும் கையால் தொட்டதையும் அவர் மறந்ததுமில்லை. ஊருக்குள் முதன்முதலாக ஒரு மகிழுந்து வந்தபோது அதன் பின்னே ஓடினார். அது நின்ற இடத்தில் சொட்டியிருந்த எண்ணெயைத் தொட்டு முகர்ந்து பார்த்தார். ஏறத்தாழப் பத்து வயதில் ஹமாமட்சு நகரில் வானூர்தி ஒன்று பறந்து காட்டப்போவதாகக் கேள்வியுற்றார். தந்தையின் பெரிய மிதிவண்டியை எடுத்துக்கொண்டார். இருக்கை எட்டாத உயரம். எனவே நம்மூர்ச் சிறுவர் குரங்குப் பெடல் என்று வழங்கும் முறையில், சட்டத்தின் இடையே காலை நுழைத்து மிதித்துக்கொண்டு ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் சென்றார். நுழைவுக் கட்டணத்துக்குக் கையிலிருந்த காசு போதவில்லை. அருகிலிருந்த பைன் மரத்தில் ஏறி அமர்ந்து வானூர்தியைக் கண்டு களித்தார்.

பட்டறையே பள்ளி

1922 ஆம் ஆண்டு தொடக்கக் கல்வியின் மேல்நிலையை முடித்த ஹோண்டா, தோக்கியோ நகரில் மகிழுந்துகளைப் பழுது பார்க்கும் 'ஆர்ட் ஷோக்காய்' என்னும் பட்டறையில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். முதலில் அவருக்குக் கிடைத்த வேலை உரிமையாளரின் குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் தரையைத் துடைப்பதுமே ஆகும். திறவுகோலைப் பிடிக்க வந்த கை துடைப்பத்தைப் பிடித்தது. மனம் சோர்ந்தும் அவர் ஊர் திரும்பவில்லை. ஊர்தியின் அடியில் படுத்துப் பணியாற்றும் வாய்ப்பு ஒருநாள் கிடைத்தது. அதன்பின் அவருடைய திறனை எவரும் ஐயுறவில்லை.

1923 ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் தோக்கியோவைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. அதனைத் தொடர்ந்து எழுந்த தீயில் நகரின் பெரும்பகுதி அழிந்தது. தீயில் வெந்த மகிழுந்துகளை மீண்டும் ஓடச் செய்யும் பணி பட்டறைக்கு வந்து சேர்ந்தது. அவ்வூர்திகளின் சக்கர ஆரங்கள் மரத்தால் ஆனவை. தீயில் அவையே முதலில் எரிந்து போயின. இக்காட்சி ஹோண்டாவின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. பின்னாளில் மர ஆரங்களுக்கு மாற்றாக வார்ப்பிரும்பு ஆரங்களை அமைத்து அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

1928 ஆம் ஆண்டு, தம் இருபத்தோராம் வயதில், அதே பட்டறையின் கிளையை ஹமாமட்சுவில் தொடங்கினார். தொழில் செழித்தது. பந்தய ஊர்திகள் மீது அவருக்குப் பெருவிருப்பம் இருந்தது. 1936 ஆம் ஆண்டு தாமகாவா பந்தயக் களத்தில் அவர் ஓட்டிய ஊர்தி மற்றொன்றோடு மோதிக் கவிழ்ந்தது. அவரும் உடன் சென்ற தம்பியும் கடுங்காயமுற்றனர். அதன்பின் அவர் கவனம் ஊர்தியை ஓட்டுவதிலிருந்து ஊர்தியின் உறுப்புகளை உருவாக்குவதற்குத் திரும்பியது.

வளையம் கற்பித்த பாடம்

எந்திரத்தின் உருளைக்குள் மேலும் கீழுமாக இயங்கும் பிஸ்டனைச் சுற்றி மெல்லிய உலோக வளையங்கள் பொருத்தப்பட்டிருக்கும். எரிவாயு கசியாமல் காப்பவை அவையே. இவ்வளையங்களைச் செய்து விற்க ஹோண்டா முற்பட்டார். பார்வைக்கு எளிதாகத் தோன்றிய அப்பொருள் அவருக்குக் கைவரவில்லை. வார்த்த வளையங்கள் ஒடிந்தன. நெகிழ்வுத்தன்மை இல்லாமல் பயனற்றுப் போயின. சேமிப்புக் கரைந்தது.

கைத்திறன் மட்டும் போதாது என்பதை அவர் அப்போது உணர்ந்தார். ஹமாமட்சு உயர் தொழிற்பள்ளிப் பேராசிரியர் ஒருவரை அணுகித் தம் வளையத்தை ஆய்வு செய்யச் சொன்னார். உலோகக் கலவையில் சிலிக்கான் போதிய அளவு இல்லை என்பது தெரியவந்தது. முப்பது வயதைக் கடந்த அவர், தம்மினும் மிக இளைய மாணவர்களோடு அப்பள்ளி வகுப்பறையில் அமர்ந்தார். பட்டம் அவருடைய நோக்கமன்று. தம் பட்டறைச் சிக்கலுக்கு உதவும் பாடங்களை மட்டுமே கருத்தூன்றிக் கற்றார்.

வளையங்கள் உருவாயின. டொயோட்டா நிறுவனத்துக்குச் சோதனைக்காக அனுப்பிய ஐம்பது வளையங்களுள் மூன்று மட்டுமே தேறின. ஹோண்டா நாடெங்கும் பல்கலைக்கழகங்களையும் எஃகு ஆலைகளையும் நாடிச் சென்று உற்பத்தி முறையைக் கற்றுத் திரும்பினார். அதன்பின் அவர் செய்த வளையங்கள் ஏற்கப்பட்டன. இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சிலும் 1945 ஆம் ஆண்டு நிகழ்ந்த நிலநடுக்கத்திலும் அத்தொழிற்கூடங்கள் சிதைந்தன. போர் முடிந்ததும் நிறுவனத்தில் தமக்கிருந்த பங்கை டொயோட்டாவுக்கு விற்றுவிட்டு, ஓராண்டு எத்தொழிலும் செய்யாமல் இருந்தார்.

மிதிவண்டியில் ஏறிய எந்திரம்

தோல்வியுற்ற ஜப்பானில் உணவுக்கும் எரிபொருளுக்கும் கடும் தட்டுப்பாடு நிலவியது. தொடர்வண்டிகளில் நிற்கவும் இடமின்றி மக்கள் நெருக்கியடித்துச் சென்றனர். நகரத்தார் அரிசியும் காய்கறியும் தேடி மிதிவண்டியில் நெடுந்தொலைவு சிற்றூர்களுக்குச் சென்று வந்தனர். ஹோண்டாவின் மனைவி சாச்சியும் அவ்வாறு சென்று வந்தவர்களுள் ஒருவர்.

1946 ஆம் ஆண்டு அக்டோபரில் ஹமாமட்சுவில் ஹோண்டா ஒரு சிறு தொழில்நுட்ப ஆய்வகத்தைத் தொடங்கினார். படையினரின் கம்பியில்லாத் தந்திக் கருவிக்கு மின்சாரம் அளித்து வந்த சிறு எந்திரங்கள் போருக்குப் பின் பயனற்றுக் கிடந்தன. அவற்றுள் ஒன்று அவர் கண்ணில் பட்டது. அதனை மிதிவண்டியில் பொருத்தினால் ஏற்றத்தில் மிதிக்கும் துன்பம் நீங்கும் என்று எண்ணினார். எரிபொருள் கலத்துக்கு அவர் முதலில் எடுத்துக்கொண்டது வீட்டில் குளிர்காயப் பயன்பட்ட வெந்நீர்க் குப்பி. அவ்வண்டியை ஊருக்குள் முதலில் ஓட்டிப் பார்த்தவர் சாச்சி. ஒரு பெண்ணால் அதனை எளிதாக ஓட்ட முடிகிறதா என்று அறிய அவர் விரும்பினார்.

பெட்ரோல் பங்கீட்டு முறையில் அரிதாகவே கிடைத்த காலம் அது. பைன் மரத்திலிருந்து பெறும் எண்ணெயைப் பெட்ரோலோடு கலந்து எந்திரங்கள் இயக்கப்பட்டன. ஏறத்தாழ ஐந்நூறு எந்திரங்களும் விரைவில் விற்றுத் தீர்ந்தன. பழைய எந்திரங்கள் தீர்ந்தபின் 1947 ஆம் ஆண்டில் ஹோண்டா தாமே ஒரு சிறு எந்திரத்தை வடிவமைத்தார். அது எழுப்பிய ஒலியைக் கொண்டு மக்கள் அதற்கு 'பட்டா பட்டா' என்று பெயரிட்டனர். 1948 ஆம் ஆண்டு செப்டம்பர் 24 ஆம் நாள் பத்து இலட்சம் யென் முதலீட்டில் ஹோண்டா மோட்டார் நிறுவனம் பிறந்தது. மறு ஆண்டே 'ட்ரீம்' என்னும் முழுமையான இருசக்கர ஊர்தி வெளிவந்தது.

இருவர் கூட்டு

1949 ஆம் ஆண்டு தக்கேயோ ஃபுஜிசாவா நிறுவனத்தில் இணைந்தார். எந்திரம் பற்றி ஹோண்டா அறிந்த அளவுக்கு வணிகம் பற்றி அவர் அறிந்திருந்தார். பணம் பற்றிய கவலையை ஃபுஜிசாவாவிடம் விட்டுவிட்டு ஹோண்டா பட்டறைக்குச் சென்றார். நிறுவனத் தலைவரின் முத்திரையும் ஃபுஜிசாவாவின் பொறுப்பிலேயே இருந்தது. ஒருவர் துறையில் மற்றவர் தலையிடாமலும், ஒருவர் மீது மற்றவர் ஐயம் கொள்ளாமலும் அவ்விருவரும் இருபத்து நான்கு ஆண்டுகள் இணைந்து பணியாற்றினர்.

1952 ஆம் ஆண்டு மிதிவண்டியின் பின்சக்கரத்தில் பொருத்தத்தக்க 'கப்' என்னும் சிறிய எந்திரம் உருவாயிற்று. வெண்ணிறக் கலமும் செந்நிற மூடியும் கொண்ட அதனை விற்க ஊர்தோறும் கடைகள் தேவைப்பட்டன. ஃபுஜிசாவா நாடெங்கும் இருந்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மிதிவண்டிக் கடைகளுக்கு மடல் எழுதினார். சங்கிலி பூட்டவும் சக்கரம் நேர்செய்யவும் அறிந்த அக்கடைக்காரர்களே புதிய ஊர்திக்கும் ஏற்ற விற்பனையாளர்கள் என்பது அவர் கருத்து. ஆயிரக்கணக்கானோர் இசைந்தனர். இவ்வாறு சிற்றூர்வரை ஒரு வலைப்பின்னல் உருவாயிற்று.

கனத்த ஊர்தியின் தோல்வி

வெற்றி மட்டுமே அவரைத் தொடரவில்லை. 1954 ஆம் ஆண்டு 'ஜூனோ' என்னும் ஸ்கூட்டர் வெளிவந்தது. கண்ணாடி இழை கலந்த நெகிழியால் செய்யப்பட்ட உடல், காற்றைத் தடுக்கும் பெரிய முகப்பு, மின்விசையால் இயக்கத் தொடங்கும் வசதி என அக்காலத்துக்கு அது மிகப் புதுமையானது. ஆயினும் வசதிகள் பெருகப் பெருக எடையும் பெருகியது. எந்திரம் தன் ஊர்தியை இழுக்கவே திணறியது. நாற்புறமும் மூடியிருந்தமையால் வெப்பம் வெளியேற வழியின்றி எந்திரம் சூடேறியது. மக்கள் அதனை விரும்பவில்லை. உற்பத்தி விரைவில் நிறுத்தப்பட்டது. அதே காலத்தில் நாட்டின் பொருளாதாரமும் தளர, நிறுவனமே மூழ்கிவிடுமோ என்னும் நிலை வந்தது. ஃபுஜிசாவாவின் சிக்கன நடவடிக்கைகளாலும் தொழிலாளரின் ஒத்துழைப்பாலும் அது கரையேறியது.

இத்தோல்வி இரண்டு நன்மைகளை விட்டுச் சென்றது. நெகிழியை ஊர்திக்குப் பயன்படுத்தும் பட்டறிவு ஒன்று. எளிய மக்களுக்கான ஊர்தியில் ஒவ்வொரு கிலோ எடையும் காரணத்தோடு இருக்கவேண்டும் என்னும் தெளிவு மற்றொன்று.

ஒரு கையால் ஓட்டும் வண்டி

1956 ஆம் ஆண்டு இறுதியில் இருவரும் ஐரோப்பா சென்றனர். ஜெர்மனியிலும் இத்தாலியிலும் சிறிய இருசக்கர ஊர்திகள் மக்களின் அன்றாடப் பயணத்துக்குப் பயன்படுவதை நேரில் கண்டனர். ஆயினும் செப்பனிட்ட ஐரோப்பியச் சாலைகளுக்கு ஏற்ற அவ்வூர்திகள் ஜப்பானின் மண்சாலைகளுக்குப் பொருந்தா என உணர்ந்தனர். எவ்வூர்தியையும் பின்பற்றாமல், தம் நாட்டு மக்களின் தேவையிலிருந்து ஒன்றை உருவாக்க முடிவு செய்தனர்.

அம்மக்கள் யாவர்? உணவகத்திலிருந்து நூடுல்ஸ் கிண்ணங்கள் அடுக்கிய தட்டை ஒரு கையில் ஏந்திக்கொண்டு வீடு வீடாகக் கொண்டு சேர்க்கும் பணியாளர் ஒருவர். பாவாடை அணிந்து கடைக்குச் செல்லும் பெண் மற்றொருவர். அஞ்சல்காரர், செய்தித்தாள் போடுபவர், சிறு வணிகர் ஆகியோர் பிறர். இவர்களை மனத்திற்கொண்டு ஹோண்டா ஒவ்வோர் உறுப்பையும் வடிவமைத்தார்.

உணவு கொண்டு செல்பவருக்கு இடக்கை ஓய்வாக இருக்கவேண்டும். எனவே கையால் பிடிக்கும் கிளட்ச் நீக்கப்பட்டது. எந்திரத்தின் சுழல்விசையாலேயே இயங்கும் தானியங்கிக் கிளட்ச் பொருத்தப்பட்டது. காலால் பற்சக்கரத்தை மாற்றினாலே போதும். பெண்களும் முதியோரும் காலைத் தூக்கி ஏறும் துன்பம் இன்றி அமர, இருக்கைக்கு முன்னே சட்டம் தாழ்த்தப்பட்டது. சேறும் காற்றும் காலில் படாமல் இருக்க நெகிழியால் ஆன காப்பு முன்னே அமைக்கப்பட்டது. உலோகத்தினும் நெகிழி எடை குறைந்தது. குழிகள் நிறைந்த சாலையைக் கடக்க 17 அங்குலச் சக்கரங்கள் தேவைப்பட்டன. அவ்வளவில் டயர் செய்யப் பெரிய நிறுவனங்கள் முன்வரவில்லை. சிறிய நிறுவனம் ஒன்று இசைந்தது.

எந்திரமே இவை அனைத்தினும் முதன்மையானது. அக்காலத்துச் சிறிய ஊர்திகள் பெரும்பாலும் இரண்டு ஸ்ட்ரோக் எந்திரங்களையே கொண்டிருந்தன. அவற்றில் பெட்ரோலோடு எண்ணெயும் எரியும். எரியாத பெட்ரோலின் ஒரு பகுதி புகையோடு வெளியேறும். நான்கு ஸ்ட்ரோக் எந்திரம் எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்தும், புகையும் குறைவு. ஆனால் அதனை மிகச் சிறிய அளவில் செய்வது கடினம் என்றே பொறியாளர் பலர் கருதினர். ஹோண்டா 49 கன சென்டிமீட்டர் கொள்ளளவில் அதனைச் செய்து காட்டினார். 4.5 குதிரைத்திறன் கொண்ட அவ்வெந்திரம் அக்கொள்ளளவுக்கு வியப்பூட்டும் ஆற்றலுடையதாக இருந்தது.

முதல் மாதிரியைக் கண்ட ஃபுஜிசாவா, முப்பதாயிரம் ஊர்திகளை விற்க இயலும் என்றார். ஆண்டுக்கு என்று கேட்டோர் எண்ணினர். மாதத்துக்கு என்றே அவர் கூறினார். 1958 ஆம் ஆண்டு ஆகஸ்டில் 'சூப்பர் கப்' என்னும் பெயரில் அது விற்பனைக்கு வந்தது. எடை ஏறத்தாழ 55 கிலோ. விலை 55,000 யென். பெருகிய தேவையை நிறைவேற்ற 1960 ஆம் ஆண்டு சுசுக்கா என்னும் இடத்தில் பெருந்தொழிற்சாலை திறக்கப்பட்டது.

தெரிந்து தெளிவோம்

ஊர்தி நகரும்போது எரிபொருளின் ஆற்றல் பயணியை மட்டும் இழுப்பதில்லை. ஊர்தியின் எடையையும் சேர்த்தே இழுக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் 1000 கிலோ எடையுள்ள மகிழுந்தில் தனியே சென்றால் நகரும் மொத்த எடையில் அவர் பங்கு நூற்றுக்கு ஆறுக்கும் குறைவு. அவரே 55 கிலோ எடையுள்ள ஊர்தியில் சென்றால் அவர் பங்கு பாதிக்கும் சற்று மிகுதி. நின்று நின்று செல்லும் நகரச் சாலையில் ஒவ்வொரு முறை தடுப்பை அழுத்தும்போதும் பெற்ற வேகம் வெப்பமாகி வீணாகிறது. எடை கூடக் கூட வீணாகும் ஆற்றலும் கூடுகிறது. எனவேதான் அன்றாட நகரப் பயணத்துக்கு எடை குறைந்த ஊர்தி சிக்கனமானது.

கடல் கடந்து

1959 ஆம் ஆண்டு ஹோண்டா நிறுவனம் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கிளை அமைத்தது. அகன்ற சாலைகளும் பெரிய மகிழுந்துகளும் நிறைந்த அந்நாட்டில் பெரிய மோட்டார் சைக்கிள்களே விலைபோகும் என்று கருதினர். ஆனால் அனுப்பிய பெரிய ஊர்திகள் நெடுந்தொலைவு விரைந்து ஓட்டப்பட்டதால் பழுதுற்றன. கிளையின் பணியாளர்கள் தம் அலுவல்களுக்காக ஓட்டித் திரிந்த சிறிய சூப்பர் கப் வண்டிகளோ தெருவில் போவோரின் கண்ணைக் கவர்ந்தன. மாணவரும் இல்லத்தரசியரும் அதனை விரும்பி வாங்கினர். மோட்டார் சைக்கிள் என்றால் முரடர்களின் ஊர்தி என்று அந்நாட்டில் நிலவிய எண்ணம், 1963 ஆம் ஆண்டில் தொடங்கிய விளம்பரங்களால் மேலும் மாறியது.

இதற்கிடையே பிரிட்டனுக்கு அருகேயுள்ள மேன் தீவின் புகழ்பெற்ற பந்தயத்தில் 1959 ஆம் ஆண்டு ஹோண்டா ஊர்திகள் முதன்முறையாகக் கலந்துகொண்டன. 1961 ஆம் ஆண்டு இரு பிரிவுகளில் வென்றன. பந்தயம் அவருக்கு வெறும் விளையாட்டன்று. சிறிய எந்திரத்திலிருந்து மிகுந்த ஆற்றலைப் பெறும் வழியை அறியும் ஆய்வுக்கூடமாகவே அதனைக் கருதினார்.

காற்றா, நீரா?

இருசக்கர ஊர்திகளில் வென்றபின் ஹோண்டா நான்கு சக்கர ஊர்திகளின் பக்கம் திரும்பினார். 1967 ஆம் ஆண்டு 'என் 360' என்னும் சிறிய மகிழுந்து வெளிவந்தது. அதன் எந்திரத்தின் கொள்ளளவு 354 கன சென்டிமீட்டர் மட்டுமே. எந்திரத்தை முன்புறத்தில் ஒடுக்கி அமைத்து, எஞ்சிய இடத்தைப் பயணிகளுக்கு ஒதுக்கியமையால் நால்வர் அமர்ந்து செல்ல முடிந்தது.

எந்திரத்தைக் குளிர்விக்கக் காற்றே போதும்; நீர் தேவையில்லை என்பது ஹோண்டாவின் உறுதியான கருத்து. நீரும் நீர்க்கலமும் குழாய்களும் இல்லாவிடில் எடையும் பழுதும் குறையும் என்பது அதன் அடிப்படை. சிறிய எந்திரங்களில் அக்கருத்து வென்றது. பெரிய எந்திரங்களுக்கும் அதனையே அவர் வற்புறுத்தியபோது சிக்கல் எழுந்தது. 1968 ஆம் ஆண்டு பிரான்சின் ரூவான் நகரில் நடந்த பந்தயத்தில், காற்றால் குளிரும் எந்திரம் பொருத்திய ஹோண்டா ஊர்தி மோதித் தீப்பற்றி, அதனை ஓட்டிய ஜோ ஷ்லெஸ்ஸர் உயிரிழந்தார். மறு ஆண்டு வெளிவந்த 'எச் 1300' மகிழுந்து, காற்றால் குளிர்விப்பதற்கான அமைப்பு சிக்கலாகியமையால் எடையும் விலையும் கூடி, எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. எடையைக் குறைக்க எழுந்த கொள்கையே எடையைக் கூட்டியது.

நச்சுப்புகையைக் கட்டுப்படுத்த எந்திரத்தின் வெப்பநிலை சீராக இருக்கவேண்டும். அதற்கு நீரே ஏற்றது என்று இளம் பொறியாளர்கள் வாதிட்டனர். தம்மால் வளர்க்கப்பட்டவர்களே தம்மை மறுத்துப் பேசுவதை ஏற்க ஹோண்டாவுக்கு எளிதாக இல்லை. இறுதியில் பொறியாளர்கள் ஃபுஜிசாவாவை நாடினர். ஹோண்டா இனி நிறுவனத்தின் தலைவராக இருக்க விரும்புகிறாரா, பொறியாளராக இருக்க விரும்புகிறாரா என்று ஃபுஜிசாவா அவரிடம் வினவினார். சற்றுநேரம் அமைதி காத்த ஹோண்டா, தலைவராகவே இருப்பதாகக் கூறினார். அவ்வாறாயின் நீரால் குளிர்விக்கும் எந்திரத்துக்கு இசைவு தரவேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார், இசைவும் தந்தார்.

நெருக்கடி அளித்த விடை

1970 ஆம் ஆண்டு அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தியது. மகிழுந்துகள் வெளியிடும் நச்சு வளிகளைச் சில ஆண்டுகளில் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கவேண்டும் என்று அச்சட்டம் வரையறுத்தது. அது இயலாது என்றே உலகின் பெருநிறுவனங்கள் முறையிட்டன. ஹோண்டாவின் இளம் பொறியாளர்கள் எந்திரத்தின் எரியறைக்கு அருகே மற்றொரு சிற்றறையை அமைத்தனர். சிற்றறையில் செறிவான கலவை முதலில் தீப்பற்றும்; அச்சுடர் பெரிய அறையிலுள்ள செறிவு குறைந்த கலவையை முழுமையாக எரிக்கும். இவ்வாறு எரிபொருள் வீணாவதும் நச்சுப்புகை எழுவதும் ஒருங்கே குறைந்தன. 1972 ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்க அரசின் சோதனையில் இவ்வெந்திரம் முதலாவதாகத் தேறியது. போட்டி நிறுவனங்கள் சிலவற்றுக்கும் இத்தொழில்நுட்பத்தின் உரிமம் வழங்கப்பட்டது.

இப்பணி பெருநிறுவனங்களை வெல்ல நல்வாய்ப்பு என்று ஹோண்டா மகிழ்ந்தார். இளம் பொறியாளர்களோ, தாங்கள் உழைப்பது போட்டியில் வெல்வதற்காக அன்று, வருங்காலக் குழந்தைகள் தூய காற்றை உயிர்ப்பதற்காகவே என்றனர். அச்சொல் அவரைச் சிந்திக்க வைத்தது. தம்மைவிட உயர்ந்த நோக்கம் கொண்ட தலைமுறை உருவாகிவிட்டது என்றும், தாம் விலகும் காலம் வந்துவிட்டது என்றும் அவர் உணர்ந்தார்.

1972 ஆம் ஆண்டு வெளிவந்த 'சிவிக்' மகிழுந்து ஏறத்தாழ மூன்றரை மீட்டர் நீளமே உடையது. எடை 700 கிலோவுக்கும் குறைவு. மறு ஆண்டு அக்டோபரில் எண்ணெய் வள நாடுகள் விநியோகத்தைக் குறைக்க, கச்சா எண்ணெயின் விலை பன்மடங்கு உயர்ந்தது. அமெரிக்காவில் பெட்ரோல் நிலையங்களின் முன் மகிழுந்துகள் நீண்ட வரிசையில் காத்துக் கிடந்தன. பெரிய ஊர்தியே பெருமை என்று எண்ணியிருந்தோரும் சிறிய ஊர்தியின் அருமையை அப்போது அறிந்தனர்.

விடைபெறும் பண்பு

1973 ஆம் ஆண்டு, நிறுவனம் தொடங்கி இருபத்தைந்து ஆண்டுகள் நிறைந்தபோது, ஹோண்டாவும் ஃபுஜிசாவாவும் ஒரே வேளையில் ஓய்வு பெற்றனர். ஹோண்டாவுக்கு அப்போது வயது 66. இருவருமே தம் பிள்ளைகளை நிறுவனத்தில் சேர்க்கவில்லை. அடுத்த தலைமைப் பொறுப்பு ஓர் இளம் பொறியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஓய்வு பெற்றபின் ஹோண்டா நாடு முழுவதும் இருந்த தம் தொழிற்கூடங்களுக்கும் விற்பனை நிலையங்களுக்கும் நேரில் சென்று பணியாளர்களின் கைகளைப் பற்றி நன்றி கூறினார். இப்பயணம் ஒன்றரை ஆண்டு நீடித்தது. ஓரிடத்தில் இளைஞர் ஒருவர் தம் கையில் எண்ணெய்க் கறை இருப்பதால் கைகொடுக்கத் தயங்கிப் பின்வாங்கினார். அக்கறையோடு இருக்கும் கையையே தாம் விரும்புவதாகக் கூறி ஹோண்டா அதனை இறுகப் பற்றிக்கொண்டார்.

1989 ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஊர்தித் துறைப் புகழரங்கில் இடம்பெற்ற முதல் ஜப்பானியர் என்னும் சிறப்பை அவர் பெற்றார். 1991 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5 ஆம் நாள் இயற்கை எய்தினார். தமக்காக நிறுவனத்தின் சார்பில் பெரிய இறுதிச்சடங்கு நடத்தக்கூடாது என்று அவர் முன்னரே சொல்லியிருந்தார். ஊர்தி செய்து பிழைத்த ஒருவரின் இறுதிச்சடங்கால் சாலையில் நெரிசல் உண்டாவது தகாது என்பது அவர் கூறிய காரணம். அவ்விருப்பமே நிறைவேற்றப்பட்டது.

நம் சாலைகளில்

சூப்பர் கப் வரிசை ஊர்திகளின் மொத்த உற்பத்தி 2017 ஆம் ஆண்டு பத்துக்கோடியை எட்டியது. வேறெந்த மோட்டார் ஊர்தியும் இவ்வளவு எண்ணிக்கையில் செய்யப்பட்டதில்லை. வியத்நாமின் நகரத் தெருக்களிலும் இந்தோனேசியாவின் சிற்றூர்ச் சாலைகளிலும் அது ஒரு குடும்ப உறுப்பினர் போலவே வாழ்கிறது. இந்தியாவிலும் அதன் தடம் உண்டு. 1984 ஆம் ஆண்டு ஹீரோ, ஹோண்டா நிறுவனங்கள் கூட்டாகத் தொழில் தொடங்கின. மறு ஆண்டு வெளிவந்த 'சிடி 100' மோட்டார் சைக்கிளின் 97 கன சென்டிமீட்டர் நான்கு ஸ்ட்ரோக் எந்திரம், கப் எந்திரத்தின் வழிவந்ததே. இரண்டு ஸ்ட்ரோக் எந்திரங்கள் நிறைந்திருந்த நம் சாலைகளில் குறைந்த பெட்ரோலில் நெடுந்தொலைவு செல்லும் ஊர்தியாக அது மக்களிடையே இடம்பிடித்தது.

சிறிய ஊர்தி எல்லாத் தேவைக்கும் விடையாகாது. மோதல் நேர்ந்தால் ஓட்டுநரைச் சுற்றிக் காக்க அதில் கூடு இல்லை. எனவே தலைக்கவசமும் நிதானமும் கட்டாயம் தேவை. ஒரே வழியில் நூற்றுவர் செல்லும் இடத்தில் பேருந்தும் தொடர்வண்டியுமே சிறந்தவை. எரிபொருள் எரிக்கும் எந்திரம் எவ்வளவு சிறிதாயினும் ஓரளவு புகை விடுவதே. இன்று மின்கலத்தால் இயங்கும் ஊர்திகள் பெருகி வருகின்றன. அங்கும் எடையின் விதி மாறுவதில்லை. ஊர்தி கனத்தால் மின்கலம் பெரிதாகும். மின்கலம் பெரிதானால் ஊர்தி மேலும் கனக்கும்.

பால் ஊற்றுபவரும் கட்டடப் பணிக்குச் செல்பவரும் பள்ளியில் பிள்ளையை விட்டுவிட்டு அலுவலகம் செல்லும் தாயும் தம் வருவாயில் எவ்வளவு பங்கைப் பயணத்துக்குச் செலவிடுகின்றனர் என்பது சிறிய வினா அன்று. மிச்சமாகும் பணம் அவர்கள் வீட்டு அடுப்பங்கரைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் செல்கிறது. ஊர்தியை வடிவமைப்பவர் அந்த வீட்டை அறிந்திருக்கவேண்டும். கையில் உணவுத்தட்டை ஏந்திச் செல்லும் ஒருவரை மனத்திற்கொண்டு எந்திரத்தை வடிவமைத்த கொல்லர் மகன், தொழில்நுட்பம் யாருக்காக என்னும் வினாவைப் பொறியியல் கற்கப் புகும் ஒவ்வோர் இளைஞரிடமும் விட்டுச் சென்றிருக்கிறார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலிருந்து பள்ளிவரை உள்ள தொலைவைக் கணக்கிட்டு, நடை, மிதிவண்டி, இருசக்கர ஊர்தி, பேருந்து ஆகிய நான்கு வழிகளில் ஒரு திங்களுக்கு ஆகும் செலவையும் நேரத்தையும் ஒப்பிட்டு அட்டவணை உருவாக்குக.

2. 'ஜூனோ' ஸ்கூட்டரின் தோல்வி 'சூப்பர் கப்' ஊர்தியின் வெற்றிக்கு எவ்வாறு உதவியது என்பதை ஒரு பக்க அளவில் எழுதுக.

3. காற்றால் குளிர்விப்பதா, நீரால் குளிர்விப்பதா என்னும் கருத்து வேறுபாட்டில் ஹோண்டா எடுத்த முடிவு சரியானதே என்றும், அம்முடிவை அவர் முன்னரே எடுத்திருக்க வேண்டும் என்றும் இரு அணிகளாகப் பிரிந்து வகுப்பில் வாதிடுக.